சொக்கன் கிராமத்துச் சாட்சி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்குக் காத்து ஆகாது. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. மெடிக்கல் ரெப்பா? நெனச்சேன். காரைக்குடி வரைக்குமா? நான் திருப்பத்தூர்ல எறங்கிருவேன். தூக்கம் வந்தா தூங்குங்க, ஆனா நான் தூங்க விடமாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன். அவ்வளவு சந்தோஷத்துல இருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் ஒரு மனுஷனை மேடையில வச்சு உரிச்சு உப்புக்கண்டம் போடப் போறேன்.

வேற யாருமில்ல, என் சம்பந்திதான். என் மக பொன்மணியை அவரு மகனுக்குத்தான் குடுத்திருக்கேன். பேராசிரியர் அறவாழி. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? ரொம்ப நல்லது. காலேஜுல தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க ஊரு தமிழ் மன்றத்துக்கு அவருதான் தலைவர். நான் சோணைமுத்து. மின்வாரியத்துல லைன்மேனாச் சேந்து போர்மேனா வெளிய வந்தவன். எனக்குப் படிப்பு கம்மிதான். புத்தி கம்மின்னு ஒரு பய சொல்லிறக் கூடாது.

அந்தாளு சொல்லிட்டாரு தம்பி. வாயால சொல்லலை, சிரிச்சுச் சொல்லிட்டாரு.

இன்கான்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பெரு நாட்டுல மலை உச்சியில கோட்டை கட்டி ஆண்ட ராஜாக்கள். ரிட்டயர் ஆனப்புறம் எனக்கு அதுல பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. படிக்கப் படிக்க உடம்பெல்லாம் புல்லரிக்குது. ஏன்னா அவங்க நம்ம ஆளுக! சிரிக்காதீங்க. மச்சு பிச்சுங்கிறாங்களே, மச்சுன்னா என்ன? மாடி. மச்சு வீடுன்னு நாம சொல்றதில்லையா? மலைக்கு மாடியில இருக்குற ஊரு, அதான் மச்சு. அதைவிட உள்ளுக்குள்ள, ரோடே இல்லாத மலையில இன்னொரு கோட்டை இருக்கு, சோக்கேகிராவ்னு பேரு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. சோக்கே... கிராவ். சொக்கன் கிராமம்! மதுரைச் சொக்கன் தம்பி! நீங்க பஸ் ஏறின ஊருச் சொக்கன்!

இதை மன்றத்துக் கூட்டத்துல கட்டுரையா வாசிச்சேன். வெள்ளை வேட்டி கட்டி, நெத்தி நிறைய விபூதி பூசி, என் பொண்டாட்டி பஞ்சவர்ணத்தை முன்வரிசையில உக்கார வச்சு வாசிச்சேன். ஜனம் வாயைப் பொளந்து கேட்டுச்சு. தலைமை அந்தாளுதான். முடிவுரை சொல்ல எந்திரிச்சாரு. மைக்கைப் பிடிச்சாரு. என்னைப் பாத்தாரு. "சம்பந்தி சொல்ற கணக்குல பாத்தா, ஆஸ்திரேலியாங்கிறதே 'ஆசை தீரலையா'தான்"னாரு.

அவ்வளவுதான். மண்டபமே இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. காபி ஊத்துறவன் டம்ளரைக் கீழ வச்சுட்டுச் சிரிக்கிறான். அந்தாளும் சிரிக்கிறாரு, கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. மானம் கப்பலேறிப் போச்சு. மறுநாள் பால் வாங்கப் போனா, "என்னண்ணே, ஆசை தீரலையா?" முடிவெட்டப் போனா, "வாங்கண்ணே, ஆசை தீரலையா?" எனக்கு அதுவே பேராயிடுச்சு. சோணைமுத்துன்னா இப்ப ஊருல யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லுங்க, இதை ஒரு மனுஷன் மறக்க முடியுமா? நான் மறக்கலை. சோத்துல கை வைக்கிறப்ப எல்லாம் அந்தச் சிரிப்புதான் காதுல கேட்டுச்சு. உன்னை அதே மேடையில, அதே மைக்குல, அதே ஜனத்துக்கு முன்னாடி தலைகுனிய வைக்கலைன்னா நான் சோணைமுத்து இல்லடான்னு சபதம் எடுத்தேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். எழிலன்னு பேரு. ஹூஸ்டன்ல வேலை. ரெண்டு அப்பாக்களும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாங்களேன்னு அவனுக்கு வருத்தம். நாங்க எல்லாரும் அமெரிக்கா போயிருந்தப்ப, "ரெண்டு பேரும் சேந்து அந்த மலைக்குப் போயிட்டு வாங்க, கைடு, கழுதை, கூடாரம் எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு"ன்னான். பொம்பளைங்க ஹூஸ்டன்லயே இருந்துக்கிட்டாங்க. அவன் நெனச்சது சமாதானம். நான் நெனச்சது சாட்சி. அந்தாளை அங்கேயே கூட்டிட்டுப் போயி, அந்த மண்ணுல பொறந்தவன் வாயாலயே 'நாங்க தமிழன்தான்'னு சொல்ல வச்சு, போன்ல படம் பிடிச்சு எடுத்துட்டு வரணும். அவரும் பக்கத்துல நிக்கணும். வாயடைச்சு நிக்கணும்.

நாலு பேரு போனோம். நான், அந்தாளு, இங்கிலீஷ் பேசுற கைடு வில்பர், கோவேறு கழுதை ஓட்டுற பெர்மின். பெர்மினுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. அவங்க மலைப் பாஷைதான், இன்காக்காரங்க பேசின அதே பாஷை. அதான் எனக்கு வேணும். கைடு என்ன, படிச்சதைச் சொல்லுவான். மண்ணுல கெடக்குறவன்தானே உண்மையைச் சொல்லுவான்?

மொத நாளே ஒரு அதிசயம் தம்பி. கெளம்புறதுக்கு முன்னாடி பெர்மின் மூணு எலையை எடுத்து மலையைப் பாத்து ஊதினான். ஊதிட்டு, "அப்பு"ன்னு கும்பிட்டான். அப்பு! எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்க பக்கத்துல பெரிய மனுஷனை என்னன்னு கூப்பிடுவோம்? "என்ன அப்பு, சௌக்கியமா"ம்போமா இல்லையா? ஓடிப்போயி அந்தாளுகிட்டச் சொன்னேன். "கேட்டீங்களா சம்பந்தி, அப்புங்கிறான்!" அவரு ஷூக்கயிறைக் கட்டிக்கிட்டே, "ம், கேட்டேன்"னாரு. ஒரு ஓரச் சிரிப்பு. அந்த ஓரச் சிரிப்பை அப்பவே பிச்சு எறிஞ்சிருக்கணும்.

பாதைன்னா பாதையா அது? மலை உச்சியிலருந்து நேராப் பாதாளத்துக்கு எறங்கி, ஆத்தைத் தாண்டி, மறுபடி அந்தப் பக்கம் ஆகாசத்துக்கு ஏறணும். ஆயுசு பூரா கம்பம் ஏறின காலு இது, எனக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் மூச்சு வாங்கினது வாஸ்தவம்தான். ஆனா அந்தாளுக்குத்தான் முடியல. நாலு எட்டு வச்சா நிப்பாரு. "அடடா, இந்தப் பூவைப் பாத்தீங்களா சம்பந்தி"ம்பாரு. நாலு எட்டு. "அந்தக் கழுகைப் பாருங்க"ம்பாரு. ஒரு கல்லு மேல உக்காந்துக்குவாரு, என்னையும் உக்காரச் சொல்லுவாரு. எனக்கா புரியாது? மனுஷனுக்கு நெஞ்சு அடைக்குது, சொல்ல வெக்கம். பெருந்தன்மையா நானும் கூட உக்காந்தேன். எனக்கு மூச்சு சீராகுற வரைக்கும் பூவைப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாரு. வாய்க்கு மட்டும் ஓய்வே கெடையாது.

அப்புறம் என்ன பண்ணினாரு தெரியுமா? ஏத்தத்துல பாதியில, "நான் நடந்துக்கிறேன், கழுதையில நீங்க ஏறிக்கங்க சம்பந்தி"ன்னாரு. பாத்தீங்களா குசும்பை? நம்ம ஊருல யாரைய்யா கழுதையில ஏத்துவாங்க? திருடனை! கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊரைச் சுத்த விடுறவனை! ஊருல சிரிக்க வச்சது பத்தாதுன்னு இன்கா மலையில வேற என்னைக் கழுதை ஏத்திப் பாக்கணுமாம். ஏறவே மாட்டேன்னுட்டேன். நாக்குத் தள்ளிப் போச்சு, ஆனா ஏறலை. ராத்திரி கூடாரத்துல வாந்தி எடுத்தேன், அது அவரு குடுத்த சூப்பு ஒத்துக்கலை. நெத்தியில ஈரத்துணி போட்டு உக்காந்திருந்தாரு பக்கத்துலயே. தூங்குறப்ப போனை எடுத்துருவாரோன்னு நான் போனை இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் படுத்தேன்.

மேலூர் தாண்டிருச்சா? சரி, விஷயத்துக்கு வந்துர்றேன்.

கோட்டைக்குப் போயிச் சேந்தோம். அடேயப்பா. மலைச்சரிவுல படிப்படியா வயக்காடு மாதிரி மதில் கட்டியிருக்கான். கருங்கல்லுக்கு நடுவுல வெள்ளைக் கல்லை வச்சு மிருகம் மிருகமா வரைஞ்சிருக்கான். லாமாங்கிறான் கைடு. நான் பாத்தேன், திமில் இல்லைங்கிறதைத் தவிர அது காளைதான். ஒரு எடத்துல மதில் ஓரமா கயிறு கட்டியிருந்துச்சு. அங்கருந்து எடுத்தாத்தான் கோட்டையும் பெர்மினும் ஒரே படத்துல விழும். கயிறைத் தாண்டி நின்னேன். அந்தாளு பத்தடி தள்ளி நிக்கிறாரு. இதுதான் நேரம்னு போனை ஓட விட்டேன்.

பெர்மினைப் பாத்துச் சுத்தத் தமிழ்ல கேட்டேன். "ஐயா, இந்தக் கோட்டை தமிழன் கட்டியதுதானே?"

அவன் ரெண்டு கையையும் தூக்கிட்டான். "ஆமா!"ன்னான்.

தம்பி, சத்தியமாச் சொல்றேன். ஆமான்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோட்டை உச்சி படத்துல விழலையேன்னு ஒரு எட்டு பின்னாடி வச்சேன். "உன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் தமிழன்தானே?" "ஆமா! ஆமா!" கத்துறான்! கையை அப்படி ஆட்டுறான், தலையை ஆட்டுறான், மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு அவனுக்கு. இத்தனை வருஷமா யாரும் கேக்காத கேள்வியைக் கேட்டுட்டேன்ல, அந்த உணர்ச்சி! இன்னொரு எட்டு பின்னாடி. "கேட்டீங்களா சம்பந்தி! ஆமாங்கிறான்! கேட்டீங்களாய்யா!"

பாத்தா, அந்தாளு புலி மாதிரிப் பாஞ்சு வர்றாரு என் மேல. அதுவரைக்கும் நாலு எட்டுக்கு ஒருதரம் பூப் பாத்த மனுஷன்! எதுக்கு? போனைப் பிடுங்கத்தான். வேற எதுக்கு? சாட்சி கெடைச்சிருச்சு, தாங்கிக்க முடியல. என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சு உள்பக்கமா வீசினாரு. நான் மண்டை அடிபட்டு விழுந்தேன், கண்ணை இருட்டிக்கிட்டு வந்துருச்சு. வீசின வேகத்துல அந்தாளு அந்தப் பக்கம் போயி, கீழ் மதில்ல விழுந்து, காலு முறிஞ்சு போச்சு. நான் கண்ணு முழிக்கிறப்ப அவரு காலுக்குக் குச்சி வச்சுக் கட்டிக்கிட்டு இருக்காங்க. நியாயம்தானே? அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்பட்டா காலு முறியத்தான் செய்யும். அந்தக் காலோட அவரு கழுதையில எறங்கினாரு. எனக்குள்ள என்ன ஒரு திருப்தி தெரியுமா? யாரைய்யா கழுதையில ஏத்தப் பாத்தேன்னு கேக்கணும்போல இருந்துச்சு. கேக்கலை. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாரு, அதனால கேக்கலை.

ஆஸ்பத்திரியில வச்சு மெல்ல ஆரம்பிச்சாரு. "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. அவங்க பாஷையில 'ஆமா'ன்னா 'வேண்டாம், செய்யாதே'ன்னு அர்த்தம். பின்னாடி போகாதேன்னுதான் அவன் கத்தினான்"னாரு. வில்பரும் தலையை ஆட்டுறான். எப்படி இருக்கு கதை? உலகத்துல எவனாவது வேண்டாங்கிறதுக்கு ஆமாம்பானா? ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. கால் முறிஞ்ச ஆளுகிட்ட என்ன வாதாடுறது? மேடைக்கு வாய்யா, பாத்துக்கிறேன்னு மனசுல வச்சுக்கிட்டேன்.

இப்ப வந்தாச்சு மேடை. மன்றத்து ஆண்டு விழா. அழைப்பிதழ்ல போட்டிருக்கு பாருங்க, 'இன்கா மண்ணில் தமிழன், சிறப்புரை: ஆய்வாளர் சோணைமுத்து'. ஆய்வாளர்! அந்தாளே சொல்லிப் போட வச்சாராம். பயம் தம்பி, பயம். வீடியோ என்கிட்ட இருக்குன்னு தெரியும்ல? ஐஸ் வச்சுக் குளிப்பாட்டுறாரு. நான் நனைய மாட்டேன். கால்ல கம்பி வச்சிருக்கு, சக்கர நாற்காலியில முன்வரிசையில உக்காந்திருப்பாரு. பெரிய திரை கட்டச் சொல்லியிருக்கேன். "ஆமா"ன்னு பெர்மின் சொல்றப்ப நான் திரையைப் பாக்க மாட்டேன், அவரு மொகத்தைத்தான் பாப்பேன். அப்புறம், என் மேல பாஞ்சதையும் ஜனம் பாக்கட்டும். தலைவரு லட்சணம் தெரியட்டும்.

பஞ்சவர்ணமே என் பக்கம்தான், தெரியுமா? ஹூஸ்டன்ல பேத்தியோட ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவ மொத்தமும் பாத்தா. பாத்துட்டு மறுபடி முதல்லருந்து போட்டுப் பாத்தா. அப்புறம், "போடுறதுன்னா முழுசாப் போடுங்க. நடுவுல நிறுத்துனீங்கன்னா நான் எந்திரிச்சு மேடைக்கு வந்துருவேன்"னுட்டா. அவ்வளவு கோவம் அவளுக்கு அந்தாளு மேல. மண்டபத்துக்கு முன்னாடியே போயிட்டா இன்னைக்கு.

பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க. ஒலி சரியா வராது, விழுந்ததுல ஸ்பீக்கர் கரகரன்னுதான் கேக்கும். உங்ககிட்ட இயர்போன் இருக்கா? அப்ப மாட்டுங்க. ஒரு காது எனக்குக் குடுங்க, நானும் கேக்குறேன். ஆங், இதான் பெர்மின். தொப்பி போட்டவன். அந்தா ஓரத்துல நிக்கிறாரு பாருங்க, அதான் எமன். வருது, வருது... கேட்டீங்களா! "ஆமா!" இன்னொண்ணு வரும் பாருங்க. "ஆமா! ஆமா!" இப்பப் பாய்வாரு. பாஞ்சுட்டாரா? அவ்வளவுதான், நிறுத்திருங்க. நான் இதுவரைக்கும்தான் பாப்பேன். இதுக்கு மேல போன் கீழ கெடக்கும், வெறும் ஆகாசம்தான் தெரியும்.

நிறுத்துங்க தம்பி. ஏன் ஓடவிடுறீங்க? ஒண்ணுமில்ல அதுல.

இருங்க.

இது யாரு கொரலு?

கொஞ்சம் சத்தம் கூட்டுங்க. "ஹிம் பர்ஸ்ட், ஹிம் பர்ஸ்ட்"னு... வில்பர்கிட்டச் சொல்றாரா? முதல்ல அவரைப் பாருன்னு... யாரை? என்னையா? காலு ஒடிஞ்சு கெடக்குறது இவரு, என்னையாப் பாக்கச் சொல்றாரு?

அழுகுறாரா தம்பி? அது அழுகைதானே? பஸ்ஸு எரைச்சல் இல்லையே அது? எங்க, இன்னொருதரம் வைங்க. "யோவ் சோணைமுத்து... கண்ணைத் தொறய்யா... செத்துகித்துத் தொலைச்சிராதய்யா... ஊருல போயி நான் யாருகூடய்யா சண்டை போடுவேன்..." யோவ்ங்கிறாரு. சம்பந்தம் பண்ணின நாள்லருந்து என்னை நீங்க வாங்கன்னு தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல அந்த மனுஷன். யோவ்ங்கிறாரு. சின்னப் புள்ளை மாதிரி விசும்புறாரு. எம் பேரைச் சொல்லிச் சொல்லி...

போதும். கழட்டுங்க. எங் காதுலருந்து எடுங்க அதை.

அடப்பாவி மனுஷா. இதை ஒரு வார்த்தை சொன்னானா? ஆஸ்பத்திரியில சொன்னானா? பிளேன்ல என் பக்கத்துலதானே காலை நீட்டிக்கிட்டு வந்தான், அப்பச் சொன்னானா? சொல்லலை. திமிரு. எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டு ஆய்வாளர்னு அழைப்பிதழ் அடிச்சுக் குடுத்திருக்கான். மேடையில சிரிச்சா திருப்பிச் சிரிக்கலாம். திட்டினா திருப்பித் திட்டலாம். இதுக்கு நான் என்னத்தைத் திருப்பிக் குடுக்குறது? இவனை நான் எப்படிய்யா பழி வாங்குறது இனிமே? அந்தப் பஞ்சவர்ணம், முழுசாப் போடுங்கன்னாளே... அவளும் ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. எல்லாரும் சேந்துக்கிட்டாங்க தம்பி. எல்லாரும்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? எனக்கு ஒண்ணும் ஆகலை. ஜன்னலை மூடுங்க, தூசி கண்ணுல விழுது.

திருப்பத்தூரா? வந்துருச்சா? ஆமா, இதான். அந்தா தெரியுது பாருங்க மண்டபத்துப் பந்தல், மைக் செட்டு கட்டிட்டானுங்க. நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. நான் எறங்கலை. எறங்கலைங்கிறேன்ல. போகட்டும் பஸ்ஸு.

முன்வரிசையில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கட்டும் அந்தாளு. சோணைமுத்து எங்க, சோணைமுத்து எங்கன்னு ஜனம் கேக்கட்டும். தலைவருக்குப் பதில் சொல்லத் தெரியாது. காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, விழா முடிஞ்சு பந்தல் பிரிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கட்டும். அதுதான் நான் அவருக்குக் குடுக்குற தண்டனை. என்ன தம்பி, தண்டனைதானே அது?

கண்டக்டர்! இங்க ஒரு காரைக்குடி குடுங்க.